வெள்ளிக் கூடு

கற்பிக்கும் தொழிலில் உள்ளவர்க்கும் கற்க வேண்டிய பாடம் கொல்லைப்புறத்திலேயே காத்திருக்கும் என்பதை ஓர் ஐப்பசித் திங்களில் நாம் உணர்ந்தோம்.

மழை சற்றே ஓய்ந்த காலைப்பொழுது. "வாப்பா, அரளியில் வெள்ளித் தோடு காய்த்திருக்கிறது!" என்று கூவியவாறு இளைய மகள் ஓடிவந்தாள். சென்று நோக்கினோம். இலையின் அடிப்புறத்தில், விரல் நுனியளவில், கண்ணாடிபோல் ஒளிவீசும் கூடுகள் இரண்டு தலைகீழாய்த் தொங்கின. இலைகள் பலவும் கடிபட்டிருந்தன. "செடியைத் தின்னும் பூச்சிதான், மருந்து தெளித்துவிடு" என்றார் உம்மா. அது யாதென அறியாமல் அழிப்பதற்கு நமக்கு மனம் வரவில்லை.

ஒன்றை இலையோடு கொய்து கண்ணாடிப் புட்டியில் இட்டோம். மற்றொன்றைச் செடியிலேயே விட்டோம். பூச்சியியல் கற்ற நண்பர் ஒருவரிடம் புட்டியைக் காட்டினோம். அவர் உடனே பெயர் கூறாமல், "இதன்மேல் நூல் இருக்கிறதா?" என வினவினார். நூல் இல்லை. பட்டுப்புழு தன்னைச் சுற்றிப் பல நூறு மீட்டர் நீளமுள்ள இழையால் கூடு கட்டும். வண்ணத்துப்பூச்சிகளுள் பெரும்பாலானவை அவ்வாறு உறை கட்டுவதில்லை. வால் நுனியால் பற்றித் தொங்கும். அடுத்து, "எந்தச் செடி?" என்றார். நச்சுப்பால் நிறைந்த அரளி இலையை உண்டும் தீங்கின்றி வளரும் புழுக்கள் மிகச்சிலவே. இவ்விரு விடைகளும் மின்னும் ஒளியும் சேர்ந்து, அது வெண்புள்ளிக் கருப்பன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு என்று காட்டின. அவ்வொளி உலோகத்தால் ஆனதன்று; மேல்தோலின் மெல்லிய அடுக்குகள் பல சேர்ந்து ஒளியைத் திருப்புவதால் விளைவது.

பெயர் அறிந்த மகிழ்ச்சியில் புட்டியை நூலடுக்கின்மேல் வைத்து மறந்தோம். சில நாள் கழித்து விடியலில் நோக்கியபோது வாடிய இலையிலிருந்து உதிர்ந்த கூடு பிளந்திருந்தது. வெளிவந்த பூச்சி வழுக்கும் கண்ணாடியில் ஏற இயலாமல் அடியிலே கிடந்தது. கூட்டினின்று வெளிவந்ததும் அது தொங்கியவாறு உடல்நீரைச் சிறகு நரம்புகளில் செலுத்தி விரித்தல் வேண்டும். அதற்கு இடமின்மையால் சிறகுகள் கசங்கியவாறே உலர்ந்துவிட்டன. "இனி இது பறக்காதா, வாப்பா?" என்று மகள் வினவினாள். நம்மிடம் மறுமொழி இல்லை.

அன்றே செடியருகே சென்றோம். மற்றையது கருஞ்சிறகை விரித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. விளிம்பில் வெண்புள்ளிகள் வரிசையாய்த் தெரிந்தன. சற்று நேரத்தில் மதிலைக் கடந்து அரசலாற்றுத் திசையில் பறந்தது. அது விட்டுச்சென்ற கூட்டில் வெள்ளியொளி இல்லை, வெறுந்தோலே எஞ்சியிருந்தது.

1954 வரை நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் நாட்டில் ஃபாப்ர் என்னும் ஆசிரியர் ஒருவர் வாழ்ந்தார். உயிருள்ள பூச்சிகளை அவை வாழும் இடத்திலேயே பொறுமையோடு நோக்கி, 1879 முதல் 1907 வரை பத்துத் தொகுதிகள் எழுதினார். அவர் பெயரை வகுப்பறையில் பலமுறை கூறியிருக்கிறோம். அவர் வழியைத்தான் கைக்கொள்ளவில்லை.

அரளி மீண்டும் தளிர்த்துவிட்டது. உம்மாவும் இப்போது மருந்து தெளிக்கச் சொல்வதில்லை. புதுக்கூடு தென்பட்டால் மகள் அழைக்கிறாள். நாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சென்று பார்க்கிறோம்.