ஆரஞ்சு: ஒரு சொல்லின் பயணம்

நிறங்களின் பெயர்கள் பல, பொருள்களின் பெயர்களிலிருந்து தோன்றியவை. ஆங்கிலத்தில் 'ஆரஞ்சு' என்பது முதலில் கனிக்கே பெயராக இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில்தான் நிறத்திற்கும் பெயராயிற்று. பழைய ஆங்கிலத்தார் அந்நிறத்தை 'மஞ்சட்சிவப்பு' எனப் பொருள்படும் கூட்டுச்சொல்லால் குறித்தனர். நாம் 'செம்மஞ்சள்' என்பதும் அம்முறையே அன்றோ!

இச்சொல் வந்த வழி வியப்புக்குரியது. வடமொழியில் 'நாரங்கம்', பாரசீகத்தில் 'நாரங்க்', அரபியில் 'நாரஞ்ச்'. அரபு மக்கள் புளிப்பு ஆரஞ்சைச் சிசிலிக்கும் ஸ்பெயினுக்கும் கொண்டு சென்றபோது பெயரும் உடன் சென்றது. ஸ்பானியம் முதலிலுள்ள நகரத்தை இன்றும் காத்து நிற்கிறது. இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் 'ஒரு' எனப் பொருள்படும் முன்சொல்லின் நகரத்தோடு கலந்து அது மறைந்தது. ஆங்கிலத்தில்தான் மறைந்தது என்பார் உளர். ஆங்கிலத்தை அடையுமுன்பே அது உதிர்ந்துவிட்டது என்பதே உண்மை. வடமொழிச் சொல்லுக்கே திராவிட மூலம் உண்டென அறிஞர் பலர் கருதுவர். நம் இல்லத்து ஊறுகாய்ச் சாடியிலுள்ள நாரத்தை அதன் உறவுச்சொல்.

ஆங்கிலேயர் இதனை ஈரசையாக, முதலசையை அழுத்தி, 'ஒரிஞ்ச்' என்பதுபோல் ஒலிப்பர். அமெரிக்கர் பலர் ஓரசையாகவே சுருக்குவர். நாமோ ஆ-ரஞ்-சு என மூவசையாக்கித் தேமாங்காய் வாய்பாட்டில் அமைத்துவிட்டோம். வல்லின மெய்யில் சொல் முடிதல் தமிழுக்கு இயல்பன்று. ஆதலின் ஈற்றில் உகரம் சேர்ந்து மென்தொடர்க் குற்றியலுகரமாயிற்று.

என் மாணவர் ஒருவர் நேர்முகத் தேர்வில் ஆங்கிலத்தில் விடையளிக்கையில் இச்சொல்லைத் தமிழ் ஒலியோடு கூற, எதிரே இருந்தோர் நகைத்தனராம். தலைகுனிந்து வந்த அவரிடம் நான் கூறினேன்: "தம்பி, ஆங்கிலம் பேசும்போது அவர்தம் ஒலிப்பைப் பயின்றுகொள், அது முயன்றால் வரும். ஆனால் உன் நாவில் வந்தது அறியாமையன்று, தமிழின் ஒலி மரபு. அதற்கு நாணாதே."

நம் பேச்சில் அரபுச்சொல் கேட்டால் 'இது தமிழன்று' என்பாரும் உளர். 'தீன்', 'நபி' முதலிய சொற்களைச் சீறாப்புராணத்தில் உமறுப்புலவர் விருத்த யாப்பில் இழைத்தார், தமிழ் குறைந்துவிடவில்லை. நாரத்தையின் உறவு அரபியர் நாவேறி மேலைநாடு சென்று, ஆரஞ்சாகி நம்மிடமே மீண்டுள்ளது. மாணவச் செல்வங்களே, ஒரு சொல்லை அயலென ஒதுக்குமுன், ஒருவர் ஒலிப்பை எள்ளுமுன், அச்சொல் நடந்து வந்த வழியைச் சற்றே ஆராய்ந்து பாருங்கள்.