தேதி, நேரம், இடம்

பெயர், வயது, விலாசம், பிள்ளைகள் விவரம் எல்லாம் தடையில்லாமல் சொல்லிவிட்டேன். படிவத்தின் அடுத்த கட்டத்தில்தான் வாய் அடைத்துப்போனது. வன்முறை நடந்த தேதி, நேரம், இடம்.

2022 சித்திரை வெயில். கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள் இருக்கும் சமூகநல அலுவலகம். எதிரே உட்கார்ந்திருந்த பாதுகாப்பு அலுவலருக்கு என்னைவிட வயது குறைவு. பதின்மூன்று வருஷக் குடித்தனத்தில் ஒரு தேதிகூட என்னிடம் இல்லை. மூத்தவளுக்கு அம்மை போட்டிருந்த வாரம் தோசைக்கரண்டியால் அடித்தது தெரியும். மாமனார் திதியன்று, வந்தவர்கள் கிளம்பியதும் தலைமுடியைப் பிடித்து இழுத்தது தெரியும். ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் கழுத்தை நெரித்தது தெரியும்.

"எந்த வருஷத்து ஆடிப்பெருக்கும்மா?"

சின்னவள் ஒன்றாவது சேர்ந்த வருஷம் என்றேன். அவர் பொறுமையாகக் கணக்குப் போட்டு, கைப்பேசியில் தேடி, 2.8.2019 என்று எழுதினார். என் கழுத்துக்கு ஒரு தேதி கிடைத்தது.

அந்தப் படிவத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. அடித்தல், நடத்தையைப் பழித்தல், ஆண் குழந்தை பெறவில்லை என்று இழிவுபடுத்தல், செலவுக்குப் பணம் தராமலிருத்தல் என்று வரிசையாக அச்சடித்திருக்கிறார்கள். நடந்ததற்கு நேரே குறியிட வேண்டும். எனக்கு மட்டுமே நடப்பதாக நினைத்துக் கூசிக்கொண்டிருந்ததையெல்லாம் சர்க்கார் முன்கூட்டியே தெரிந்து அச்சுக்கு அனுப்பியிருந்தது. ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

அங்கே போவதற்கு முன் மகளிர் காவல் நிலையத்துக்கு மூன்று முறை நடந்திருந்தேன். இரண்டு முறை என் கணவரைக் கூப்பிட்டு, இனி அடிக்கமாட்டேன் என்று எழுதி வாங்கி, இரண்டு பேரையும் ஒரே வண்டியில் அனுப்பினார்கள். மூன்றாம் முறை மனு ரசீது மட்டும் கொடுத்தார்கள். அம்மாவோ, தீபாவளி போகட்டும், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். அவளிடம் இருந்ததும் தேதிகள்தான், எல்லாம் வரப்போகிறவை.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கொடுத்தார்கள். பெண் என்றால் வருமானச் சான்றிதழ்கூடக் கேட்பதில்லை. வக்கீலம்மா முதலில் கேட்டது, "வீடு யார் பேர்ல?"

"மாமியார் பேர்ல."

"அப்ப நீ ரெண்டு வருஷம் முன்னாடி வராததே நல்லது" என்று சிரித்தார். மாமியார் பெயரில் உள்ள வீட்டில் மருமகள் தங்க உரிமை கேட்க முடியாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததாம். அது தவறு, குடும்பமாகச் சேர்ந்து வாழ்ந்த வீடு யார் பெயரில் இருந்தாலும் கேட்கலாம் என்று 2020 அக்டோபரில் அதே உச்ச நீதிமன்றம் திருத்தியது.

எனக்கு வேண்டியதும் அந்த வீடுதான். ஆனால் கேட்டவர்கள் எல்லாரும் விவாகரத்தா, ஜீவனாம்சமா என்றே கேட்டார்கள். என் தையல் மெஷின் இருக்கும் இடத்தில் பயமில்லாமல் படுத்து எழுந்திருக்க வேண்டும் என்றால் யாருக்கும் விளங்கவில்லை. டொமஸ்டிக் வயலன்ஸ் என்பதைச் சுருக்கி வக்கீல்கள் இதை 'டி.வி. கேஸ்' என்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா, டி.வி.யில எப்ப வரும் என்று விசாரித்தாள்.

மனு போட்ட மூன்று நாளுக்குள் முதல் வாய்தா, அதிலிருந்து அறுபது நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது 2005ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டம். என் மனு மூன்றாவது வாரம்தான் எடுக்கப்பட்டது. இடைக்கால உத்தரவு ஐந்தாவது வாய்தாவில். அதுவரை நான் இருந்தது அதே வீட்டில், கணவரோடுதான். "இனிமே எழுதி வைங்கம்மா" என்று பாதுகாப்பு அலுவலர் சொல்லியிருந்தார். மாமியார் காலையில் விளக்கேற்றியதும் தினசரி காலண்டரில் தாள் கிழித்து ஃபிரிட்ஜ் மேல் வைப்பார். அதன் பின்பக்கத்தில் எழுதி மெஷின் டிராயருக்குள் போட்டேன். தாள்கள் காணாமல் போவதை அவர் ஒரு நாளும் கேட்கவில்லை.

உத்தரவு வந்தது. கணவர் வீட்டை விட்டு வெளியேற வேண்டும், என்னை நெருங்கக் கூடாது. மீறினால் ஒரு வருஷம்வரை சிறை, அல்லது இருபதாயிரம்வரை அபராதம், இல்லை இரண்டும். ஆனால் பெண்ணை வீட்டை விட்டு வெளியேற்ற அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஆக, நானும் பிள்ளைகளும் மாமியாரும் ஒரே வீட்டில் மிஞ்சினோம். என்னோடு பேசமாட்டார். சோறு தனியாக வடிப்பார். பிள்ளைகளைக் கூப்பிட்டு ரசம் ஊற்றுவார். யார் பக்கம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

நாற்பது நாள் அமைதி. பிறகு ஒரு சாயங்காலம் கேட்டை உதைக்கும் சத்தம். குடித்திருந்தார். பிள்ளைகளை உள்ளறையில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, நடுங்கும் கையோடு பாதுகாப்பு அலுவலரைக் கூப்பிட்டேன்.

"நேரம் என்னம்மா இப்ப?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறேன். கண்ணீரில் முள் தெரியவில்லை.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "நியூஸ் ஆரம்பிச்சு பத்து நிமிஷம் ஆச்சு. ஏழு பத்துன்னு சொல்லு."