பாகாலா ஜங்ஷனில் இறங்கிய மாயாவி

காட்பாடியில் திருப்பதி பாசஞ்சரில் ஏறுகிறவர்களைப் பார்த்தாலே எதற்குப் போகிறார்கள் என்று தெரிந்துவிடும். மஞ்சள் வேட்டி, நெற்றியில் நாமம், வேண்டுதலுக்காக வளர்த்த முடியை ரிப்பன் போட்டுக் கட்டிய ஆண் குழந்தை, புளிசாதத் தூக்கு. என் மடியிலிருந்த துணிப்பையில் இரும்புக்கை மாயாவி மறுபதிப்புகள் சில இருந்தன. எதிரே உட்கார்ந்திருந்த பாட்டி பையை எட்டிப் பார்த்துவிட்டு, "பேரனுக்கா?" என்று கேட்டார். தலையை ஆட்டி வைத்தேன். ஐம்பதைத் தாண்டியவன் எனக்காகத்தான் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் சித்தூர் வரை விளக்கம் சொல்லிக்கொண்டே வரவேண்டும்.

சித்தூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் பழைய முத்து காமிக்ஸ் கட்டு ஒன்று இருப்பதாகக் குடியாத்தத்து நண்பர் சொல்லியிருந்தார். "விலைக்குத் தரமாட்டார். பார்க்கலாம், அவ்வளவுதான்" என்று எச்சரிக்கையும் செய்திருந்தார். பார்க்கக் கிடைத்தால் போதாதா? திருப்பதிக்குப் போகிறவர்கள் எல்லாம் பெருமாளை விலை பேசவா போகிறார்கள்?

மாயாவியை அறியாத இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1962இல் லண்டனில் தொடங்கிய 'வேலியண்ட்' என்ற சிறுவர் வாரப் பத்திரிகையில் பிறந்தவர் அவர். கதையை ஆரம்பித்தவர் கென் புல்மர், தொடர்ந்து எழுதியவர் டாம் டல்லி, படம் போட்டவர் ஸ்பெயின் நாட்டின் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட உதவியாளரான லூயிஸ் கிராண்டேலுக்கு விபத்தில் வலது கை போய், இரும்புக் கை பொருத்தப்படுகிறது. இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் பாய, உடம்பு முழுவதும் மறைந்துபோகிறது. இரும்புக் கை மட்டும் மறையவில்லை. அன்று முதல் மின்சாரத்தைத் தொட்டால் ஆள் காணாமல் போவார், கை அந்தரத்தில் மிதக்கும். சிவகாசியில் சௌந்தரபாண்டியன் 1972இல் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழாக வந்ததே 'இரும்புக்கை மாயாவி'தான். பிறந்த நாட்டில் தொடர் எப்போதோ நின்றுவிட்டது. இங்கிலாந்தில் இன்று அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் பழைய பத்திரிகை சேகரிக்கும் சிலர்தான். இங்கோ அப்பா படித்ததை மகன் படித்து, மகன் படித்ததைப் பேரன் புரட்டுகிறான். பாம்புத் தீவு, உறைபனி மர்மம், பாதாள நகரம், நாச அலைகள் என்று தலைப்புகளைச் சொன்னாலே முகம் மலர்கிற ஒரு தலைமுறை தமிழ்நாட்டில் இருக்கிறது.

எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் அவருடைய குறைகள். பறக்கத் தெரியாது. குண்டு பட்டால் வலிக்கும். சக்தி வேண்டுமென்றால் நம்மைப் போல் சுவிட்ச் போர்டைத் தேட வேண்டும். சிறிது நேரத்தில் அந்தச் சக்தியும் இறங்கிவிடும். ஆரம்பத்தில் அவர் நல்லவரும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத சக்தி கிடைத்ததும் முதலில் திருடத்தான் போனார். பிறகு மனம் மாறி நிழற்படை என்ற உளவு அமைப்பில் சேர்ந்தார். மின்வெட்டு அன்றாடம் வந்துபோகிற ஊரில் வளர்ந்த எங்களுக்கு இருந்த பெரிய கவலை, மாயாவி எங்கள் ஊருக்கு வந்தால் என்ன செய்வார் என்பதுதான். வில்லனைத் துரத்திக்கொண்டு வந்து பிளக் பாயிண்டில் விரலை வைப்பார், கரண்ட் இருக்காது. இதைப் பற்றி மணிக்கணக்கில் விவாதித்திருக்கிறோம். டிரான்ஸ்பார்மர் இருக்கும் தெருவுக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்குவார் என்று ஒருவன் தீர்ப்பு சொன்னான். அதை இன்றும் ஒப்புக்கொள்கிறேன்.

சித்தூர் நெருங்கும்போது பாறைக் குன்றுகளுக்கு இடையில் மாந்தோப்புகள் தொடங்குகின்றன. பெரும்பாலும் கிளிமூக்கு மாம்பழம். கூழ் ஆலைகளுக்குப் போவது. ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் தட்டுத்தடுமாறித் தெலுங்கில் பேசினேன். "தமிழே பேசுங்கண்ணா" என்றார். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இது வட ஆர்க்காட்டின் தலைநகரம். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போனது. வேங்கடம் வரை வேண்டும் என்று ம.பொ.சி. போராடினார்; 1960இல் திருத்தணி மட்டும் திரும்பி வந்தது. எல்லைக்கோட்டை வரைந்தவர்களால் அடுப்படிப் பேச்சின் மீது கோடு போட முடியவில்லை. சித்தூர் வீடுகள் பலவற்றில் இன்றும் தமிழ்தான். ஆனால் பிள்ளைகள் படித்தது தெலுங்கில். பேசத் தெரிந்த மொழியைப் படிக்கத் தெரியாத தலைமுறைகள் அப்படித்தான் வந்தன.

வைண்டிங் கடைக்காரர் அப்படி வந்தவர். வாசலில் செம்புக் கம்பிச் சுருள்கள், பிரித்துப்போட்ட போர்வெல் மோட்டார்கள், வார்னிஷ் வாசனை. "வாங்கண்ணா, டீ தாகுதாமா?" என்று பாதித் தமிழிலும் பாதித் தெலுங்கிலும் வரவேற்றார். மாயாவியைப் படித்துத்தான் மின்சாரத் தொழிலுக்கு வந்தீர்களா என்று ஆசையோடு கேட்டேன். நல்ல கதையாக இருக்குமே! "அதெல்லாம் இல்லண்ணா. இது எங்க மாமா கடை. அவருக்குப் பையன் இல்ல, என்னை உட்கார வெச்சுட்டாரு" என்றார்.

ஆனால் அவர் சொன்ன கதை நான் எதிர்பார்த்ததைவிடப் பெரியது. பள்ளியில் தெலுங்கு. வீட்டில் தமிழ், ஆனால் காதால் மட்டும். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கோடை விடுமுறையில் குடியாத்தத்திலிருந்து வந்த அத்தை மகன் ஒரு மாயாவி புத்தகத்தை விட்டுவிட்டுப் போனான். படம் புரிந்தது, பலூனுக்குள் இருந்தது புரியவில்லை. கை மிதக்கிறது, போலீஸ்காரன் வாயைப் பிளக்கிறான், என்ன சொல்லி அலறுகிறான் என்று தெரியவில்லை. அந்த ஆத்திரம்தான் அவருக்கு ஆசிரியர். டீக்கடையில் தினத்தந்தி படிக்கும் கிழவர் ஒருவரிடம் போய் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டிருக்கிறார். முதலில் அந்தப் பத்திரிகையில் வரும் கன்னித்தீவு படக்கதை, ஏனென்றால் அதில் ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் இருக்கும். பிறகு மாயாவி. தமிழில் ஒரே எழுத்து க-வாகவும் ஹ-வாகவும் ஒலிப்பதைப் பார்த்துத் தெலுங்குப் பிள்ளை முதலில் குழம்பிப்போயிருக்கிறது. ஒரு கோடைக்குள் படிக்க வந்துவிட்டது என்றார். எந்த அரசாங்கமும், எந்த மொழிச் சங்கமும் அந்தப் பையனைத் தேடி வரவில்லை. சிவகாசியில் அச்சான மலிவு விலைப் புத்தகம்தான் வந்தது. தமிழுக்குத் தொண்டு செய்தவர்கள் பட்டியலில் லூயிஸ் கிராண்டேலைச் சேர்த்தால் யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

டிரங்குப் பெட்டியைத் திறந்தார். வசம்பு மணம். கையைத் துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும், எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. விதிகள் கறாரானவை. சில புத்தகங்களில் வாடகை நூலகத்தின் ரப்பர் ஸ்டாம்ப், சிலவற்றில் யாரோ ஒருவருடைய பென்சில் கையெழுத்து. மசமசவென்று அச்சான கறுப்பு வெள்ளைப் பக்கங்களிலும் பிளாஸ்கோவின் தூரிகை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. நிழலை அவரைப் போல் போட ஆளில்லை. கண்ணுக்குத் தெரியாத மனிதனை வரைவது சாதாரண வேலையா? நாற்காலி சாய்வதையும் கதவு திறப்பதையும் வரைந்தே அங்கே ஒருவன் இருக்கிறான் என்று நம்மை நம்பவைப்பார்.

பிறகுதான் அந்தப் புத்தகத்தை எடுத்தார். கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோன பிரதி. பழைய காமிக்ஸ் சேகரிப்பவர்களுக்கு இந்தத் துயரம் தெரியும். பத்துக் கை மாறி வரும் புத்தகத்தில் முதலில் போவது அட்டை, அடுத்துப் போவது முடிவு. அந்த இடத்தில் கோடு போட்ட நோட்டுத் தாள்கள் தைத்து வைக்கப்பட்டிருந்தன. பன்னிரண்டு வயதில் அவரே எழுதிய முடிவு. எழுத்து தெலுங்கு, மொழி தமிழ். என் கண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் விரலை ஓட்டிப் படிக்கப் படிக்க, அசல் சித்தூர்த் தமிழ் காதில் விழுந்தது.

அந்த முடிவில் மாயாவி மீட்டர் கேஜ் ரயிலில் பாகாலா ஜங்ஷனுக்கு வந்து இறங்குகிறார். லண்டன் உளவாளி பாகாலாவுக்கு ஏன் வந்தார் என்பதற்கு விளக்கம் இல்லை. வில்லன் திருப்பதி வண்டிக்குக் காத்திருக்கிறான். மாயாவி பிளாட்பார விளக்குக் கம்பத்தின் ஒயரைப் பிடிக்கிறார், மறைகிறார். இரும்புக் கை வில்லனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒப்படைக்கிறது. "நிழற்படைக்குத் தந்தி கொடுங்கள்" என்று குரல் மட்டும் கேட்கிறது. முற்றும்.

பல வருடங்கள் கழித்து மறுபதிப்பு வந்து உண்மையான முடிவைப் படித்தாராம். எப்படி இருந்தது என்றேன். "பரவால்லண்ணா. ஆனா அதுல பாகாலா இல்லையே" என்றார்.

ரசிகன் என்றால் யார் என்று என்னிடம் யாராவது கேட்டால் இந்த ஆளைத்தான் காட்டுவேன். அரிய இதழ்களை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிக் கண்ணாடி உறையில் போட்டு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களால்தான் பல புத்தகங்கள் கரையானுக்குத் தப்பின என்பதும் உண்மை. ஆனால் நாயகனுக்கு முடிவு எழுதிக்கொடுத்தவருக்கு முன்னால் அவர்கள் ஒரு படி கீழேதான். போகிறபோக்கில் இன்னொரு காமிக்ஸ் நாயகனான ஸ்பைடரைப் பற்றிக் கேட்டேன். லயன் காமிக்ஸ் தூக்கிப்பிடித்த ஸ்பைடருக்குத் தமிழில் தனிக் கட்சியே உண்டு. சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகலே அந்தத் தொடரை எழுதியிருக்கிறார். "அவன் ரொம்ப கர்வம் புடிச்சவண்ணா" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார்.

"திருப்பதி பார்க்காம போகாதீங்க" என்று அவரே பஸ் ஏற்றிவிட்டார். சந்திரகிரிக் கோட்டை இடது பக்கமா வலது பக்கமா என்று பார்ப்பதற்குள் தூங்கிவிட்டேன்.

திருப்பதி வேறு வகை நாயகர்களின் ஊர். 1960இல் 'ஸ்ரீ வேங்கடேஸ்வர மகாத்மியம்' படத்தில் பெருமாளாக வந்தார் என்.டி.ராமராவ். திருமலைக்குப் போய்த் திரும்பும் பக்தர்கள் பஸ்ஸோடு சென்னை தியாகராய நகருக்கு வந்து அவர் வீட்டு வாசலில் நின்று கும்பிட்டுப் போன கதை ஊரறிந்தது. 1980இல் அதே ராமராவ் 'சூப்பர்மேன்' என்ற தெலுங்குப் படத்தில் முதுகில் துணி பறக்க வானத்தில் பறந்தார். 1983 தேர்தலில் திருப்பதித் தொகுதியில் நின்று ஜெயித்தார், முதலமைச்சரானார். 2009இல் சிரஞ்சீவியும் இதே தொகுதியில் ஜெயித்தார். ஆந்திரத்தில் அதிசய மனிதர்கள் படத்தை விட்டு இறங்கி ஓட்டுக் கேட்க வருவார்கள், ரசிகனும் மறுக்காமல் போடுவான். மாயாவிக்கு அந்தத் தொல்லை இல்லை. கட்அவுட் வைக்க முகம் வேண்டும். பாலை எந்தப் பக்கம் ஊற்றுவது? அவரிடம் ரசிகனுக்கு எதிர்பார்ப்பும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

மலை மேல் பாபவிநாசம் போகும் வழியில் ஜாபாலி தீர்த்தம் இருக்கிறது. மரங்களுக்கு நடுவே அனுமன் கோயில். அனுமன் பிறந்த அஞ்சனாத்ரி இந்த மலைதான் என்று 2021 ராமநவமியன்று தேவஸ்தானம் அறிவித்தது. கிஷ்கிந்தை எங்களுடையது என்று கர்நாடகத்தில் அதற்கு மறுப்பும் எழுந்தது. 2024இல் வந்த 'ஹனுமான்' என்ற தெலுங்குப் படத்தின் கற்பனைக் கிராமத்துக்கும் அஞ்சனாத்ரி என்றுதான் பெயர். கடலைத் தாண்டுகிறவனும் மலையைத் தூக்குகிறவனும் இங்கே ஏற்கெனவே இருக்கும்போது, வெளிநாட்டுப் பறக்கும் மனிதர்கள் எங்கள் தலைமுறையிடம் எடுபடாததில் வியப்பில்லை. மறைகிறவன், அதுவும் கையை மறைக்க முடியாமல் மாட்டிக்கொள்கிறவன், புதிதாக இருந்தான்.

தரிசன வரிசையில் செல்போனைக் கவுண்டரில் வாங்கிக்கொள்கிறார்கள். காமிக்ஸ் படிக்க இதைவிட நல்ல இடம் இந்தியாவில் இல்லை. வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸின் கூடத்தில் அடைத்துவிட்டால் கதவு திறக்கும்வரை செய்ய ஒன்றுமில்லை. 1947இல் 'சந்தமாமா'வைத் தொடங்கி தெலுங்கு, தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேதாளக் கதை படித்துக்காட்டிய பி.நாகிரெட்டி இந்தத் தேவஸ்தானத்துக்குத் தலைவராகவும் இருந்தவர். அவர் என்னைத் தப்பாக நினைக்கமாட்டார் என்ற தைரியத்தில் மாயாவியை எடுத்து விரித்தேன்.

பக்கத்தில் ஸ்பைடர்மேன் பனியன் போட்ட பையன். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அந்தரத்தில் கை மிதக்கும் கட்டத்தில் விரலை வைத்து, "மனிஷி ஏடி?" என்றான். ஆள் எங்கே என்று கேட்கிறான். என் தெலுங்கு இருபது சொற்களுக்கு மேல் நீளாது. "கரண்ட் முட்டுகுண்டே கனபடடு" என்று எதையோ சொல்லி வைத்தேன். அவனுக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த பக்கத்தை அவனே புரட்டினான். பலூனில் இருந்ததை நான் படிக்கப் படிக்க, அம்மாவிடம் திரும்பித் தெலுங்கில் ஒளிபரப்பினான். சுற்றியிருந்த சிலர் நகர்ந்து வந்து உட்கார்ந்தார்கள். கதவு திறந்து "கோவிந்தா" என்று கூட்டம் எழுந்தபோது மாயாவி சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். பையன் நகர மறுத்தான். புத்தகத்தை அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன். அவனுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது என்று அவன் அம்மா தயங்கினார். அதனால்தான் கொடுக்கிறேன் என்று அவருக்குச் சொல்லும் அளவுக்கு எனக்குத் தெலுங்கு தெரியவில்லை.

முத்து காமிக்ஸ் 2022இல் ஐம்பது ஆண்டைத் தொட்டது. சிவகாசியில் இன்றும் அச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, மாயாவி மறுபதிப்பாக வந்துகொண்டிருக்கிறார். ஆனால் பழைய பிரதிகள் வருடா வருடம் போகிப் பண்டிகைக்கு முந்தின வாரம் பேப்பர் கடைத் தராசில் ஏறிக்கொண்டிருக்கின்றன. பரணில் பழைய மாயாவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கிலோ கணக்கில் போடாதீர்கள். எல்லைப் பக்கம், தமிழ் பேசியும் படிக்கத் தெரியாத பிள்ளை இருக்கிற உறவுக்காரர் வீட்டில் ஒன்றை மறந்ததுபோல் விட்டுவிட்டு வாருங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. கடைசிப் பக்கம் இல்லாவிட்டால் இன்னும் நல்லது.