கொள்ளிடத்துக்கு என்ன நிறம்? குழந்தைகளோடு திருமானூர் போய்ப் பாருங்கள்!

ஆறு வரையச் சொன்னால் பெரும்பாலான குழந்தைகள் நீல கிரயானைத்தான் தேடுவார்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், வளைந்து வரும் ஒரு நீலக் கோடு. அந்தக் குழந்தையை அரியலூர் மாவட்டம் திருமானூரில், கொள்ளிடப் பாலத்தில் நிறுத்திப் பாருங்கள். வருடத்தில் பல மாதங்கள் அங்கே கண்ணில் படுவது பரந்த மணலும் நாணலும்தான். தண்ணீர் ஓரமாக, வாய்க்கால் அளவுக்கு ஓடும்.

“இதுவா ஆறு?” என்ற கேள்வி வரும். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம், ஒரு வெள்ள வடிகால். மேட்டூர் நிரம்பி உபரி நீர் வந்தால் இரு கரையும் தொட்டு ஓடும். மற்ற நாட்களில் மணல்தான். ஆனால், அது வெறும் காலியிடம் இல்லை. வெள்ள நீரை உறிஞ்சி வைத்து, கரையோரக் கிணறுகளுக்கு ஊற்று கொடுப்பது அந்த மணல்தான். மணல் குவாரிக்கு எதிராகத் திருமானூர் மக்கள் போராடியதும் இதனால்தான்.

இதைக் குழந்தைக்கு வாயால் விளக்குவதைவிட வரைய வைப்பது எளிது. அட்டையில் பசை தடவி, ஒரு பிடி மணலைத் தூவச் சொல்லுங்கள். மணலுக்கு அடியில் நீல வண்ணம் தீட்டட்டும். பக்கத்தில் ஒரு கிணறு, அதிலும் அதே நீலம். ‘மணலை அள்ளிவிட்டால் கிணறு என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். பதிலைக் குழந்தையே சொல்லிவிடும்.

அடுத்து கரைவெட்டி

திருமானூர் ஒன்றியத்திலேயே இருக்கிறது கரைவெட்டி பறவைகள் சரணாலயம். சுமார் 454 ஹெக்டேர் பரப்பு. 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. இமயமலையைத் தாண்டி இங்கே வரும் வரித்தலை வாத்தை வரைவது சுலபம்: வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. அதன் காலடியில் இருக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது? புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்த காவிரி நீர். வாத்திலிருந்து மேட்டூர் வரை ஒரே கோடு இழுத்தால், ஆற்றின் வரைபடம் தயார்.

அமெரிக்காவில் 1995-ல் கவிஞர் ராபர்ட் ஹாஸும் பமீலா மைக்கேலும் தொடங்கிய ‘ரிவர் ஆஃப் வேர்ட்ஸ்’ போட்டி, இதே வழியில்தான் தங்கள் ஊர் நீர்நிலையைக் குழந்தைகளை வரையவும் எழுதவும் வைத்தது.

கிளம்பும் முன்

அரியலூர் - தஞ்சாவூர் பஸ்கள் திருமானூர் வழியாகப் போகும். பறவைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். வெள்ள எச்சரிக்கை இருந்தால் ஆற்றில் இறங்க வேண்டாம். கிரயான் பெட்டியில் நீலத்தோடு பழுப்பும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்!