பேத்தி தூங்கினாள், மகளும் தூங்கினாள்!

"பச்சைப் பிள்ளைக்கு என்ன கவலை? பாலைக் குடிக்க வேண்டியது, தூங்க வேண்டியது, அவ்வளவுதானே!" என்று எட்டி நின்று பார்ப்பவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். கூடவே இருந்து பார்ப்பவர்களுக்கு அல்லவா தெரியும்! பிறந்த குழந்தை ஒரு நாளைக்குப் பதினான்கு முதல் பதினேழு மணி நேரம் வரை தூங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் அதைச் சில்லறையாக மாற்றி, இங்கே இரண்டு மணி, அங்கே முக்கால் மணி என்று செலவு செய்கிறதே, அதுதான் சங்கடம். சில்லறை முழுவதும் பகலிலேயே தீர்ந்து போய்விட்டால் இராத்திரிக்கு என்ன மிஞ்சும்?

சென்ற ஆண்டு என் மகள் தலைப்பிரசவத்துக்காகத் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சுகப்பிரசவம். பெண் குழந்தை. 2 கிலோ 900 கிராம். முதல் பத்து நாள் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்றே தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் பேத்தி தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தாள். காலையில் குளிப்பாட்டிப் படுக்க வைத்தால் மூன்று மணி நேரம் அசைய மாட்டாள். குக்கர் விசில், மிக்ஸி சத்தம், எதுவும் அவளை எழுப்பாது. இராத்திரி பத்து மணி அடித்ததோ இல்லையோ, விளக்குப் போட்டது போல் கண்ணைத் திறந்துவிடுவாள். அப்புறம் விடியும் வரை பால், அழுகை, ஈரத்துணி, மறுபடி பால்!

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் விடியற்காலை நான்கு மணி இருக்கும். மகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "படுத்துக்கோயேன்டி, நான் பாத்துக்கிறேன்" என்றேன். திரும்பாமலே சொன்னாள்: "அம்மா, இவ அழறப்போ எனக்குப் பாசமே வர மாட்டேங்குது. எங்கயாவது எந்திரிச்சுப் போயிடலாம் போல இருக்கு. நான் நல்ல அம்மாதானா?"

எனக்கு அடிவயிறு கலங்கிப் போயிற்று. குழந்தையின் தூக்கத்தைப் பற்றி மட்டும் கவலைப்பட்டுக் கொண்டிருந்தோம். அந்த வீட்டில் இருபது நாளாகத் தூங்காத இன்னொரு ஜீவனும் இருந்தது.

மறுநாள் சம்பந்தியம்மா வந்தார். நல்ல மனுஷி. விஷயத்தைக் கேட்டதும், "இதுக்குப் போயா கலங்குறீங்க மதினி? ஜாதிக்காயைத் தாய்ப்பால்ல ஒரு இழைப்பு இழைச்சு நாக்கில தடவினா, பிள்ளை அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கும். எங்க வீட்டில நாலு பிள்ளைக்கும் அதுதான்" என்றார். பக்கத்து வீட்டு அக்கா கிரைப் வாட்டர் வாங்கி வரச் சொன்னார். இன்னொருவர், சளிக்குக் கொடுக்கும் சிரப்பில் கால் ஸ்பூன் கொடுத்தால் போதும் என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்!

யாருடைய மனமும் நோகாமல் இருக்க, "எதுக்கும் டாக்டரைக் கேட்டுடுவோம்" என்று சம்பந்தியம்மாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் பொறுமையாகச் சொன்னதன் சாரம் இதுதான். ஆறு மாதம் முடியும் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர்கூட வேண்டாம். ஜாதிக்காய் அளவு கொஞ்சம் மிஞ்சினால் நஞ்சு. அது தரும் தூக்கம் தூக்கமல்ல, மயக்கம். சளி சிரப்பைத் தூக்கத்துக்காகக் கொடுப்பது பெரிய ஆபத்து. சின்னக் குழந்தைக்கு மூச்சே மந்தமாகிவிடலாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது; அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும்.

"அப்ப என்னதான் டாக்டர் கொடுக்கிறது?" என்றார் சம்பந்தியம்மா.

"வெளிச்சத்தையும் இருட்டையும் கொடுங்க" என்று சிரித்தார் டாக்டர்.

நம் உடம்புக்குள் இரவு பகலை அறியும் ஒரு கடிகாரம் இருக்கிறதாம். அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ஆம் ஆண்டு நோபல் பரிசே கொடுத்தார்கள். பிறந்த குழந்தைக்கு அந்தக் கடிகாரம் இன்னும் சரியாக முடுக்கப்படவில்லை. தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் என்ற சுரப்பு குழந்தையின் உடம்பில் ஒழுங்காக ஊற ஆரம்பிப்பதே இரண்டு, மூன்று மாதம் ஆன பிறகுதான். அதுவரை குழந்தை வேண்டுமென்று நம்மைப் படுத்தவில்லை. அதற்கு இராத்திரி என்றால் என்னவென்றே தெரியாது! தாயின் உடம்பில் அந்தச் சுரப்பு இரவில்தான் ஊறுகிறது. இரவுப் பாலிலும் கலந்து வருகிறது. எத்தனை அழகான ஏற்பாடு பாருங்கள்!

நாங்கள் செய்தது ரொம்பச் சாதாரணமான காரியங்கள்தாம். காலை ஆறரைக்கெல்லாம் அறையின் ஜன்னல் கதவுகளைத் திறந்துவிடுவோம். பகலில் குழந்தை தூங்கினாலும் அறையை இருட்டாக்குவதில்லை, யாரும் கிசுகிசுப்பதும் இல்லை. பால் குடிக்கும்போது பேச்சுக் கொடுப்போம், முகம் பார்த்துச் சிரிப்போம். மாலை ஏழு மணிக்கு இளஞ்சூட்டு நீரில் துணியை நனைத்துப் பிழிந்து உடம்பைத் துடைத்து, உலர்ந்த பருத்திச் சட்டை போட்டு, பால் கொடுத்து, ஒரே தாலாட்டைப் பாடுவோம். தினமும் அதே வரிசை. இராத்திரி எழுந்தால் ஜீரோ வாட்ஸ் விளக்கு மட்டும். டிவி கிடையாது, செல்போன் வெளிச்சம் கிடையாது, கொஞ்சல் கிடையாது. பால், ஏப்பம், ஈரத்துணி மாற்றல், படுக்கை. அவ்வளவே.

அடுத்து, "நரி விரட்டுகிற" விஷயம். குழந்தை தூக்கத்தில் திடீரென்று சிரிக்கும், உதட்டைப் பிதுக்கும், முனகும், கை காலை உதறும். "நரி விரட்டுது" என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுதான். இதற்கும் விஞ்ஞானத்தில் ஒரு பெயர் இருக்கிறது. தூக்கத்தில் மூடிய இமைக்குள் கண் விழி வேகமாக உருளும் ஒரு கட்டம் உண்டு என்று 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கண்டறிந்து எழுதினார்கள். பச்சைக் குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி இந்த மாதிரித் தூக்கம்தானாம். மகளோ முனகல் கேட்டவுடனே துடித்தெழுந்து குழந்தையைத் தூக்கிவிடுவாள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அதனாலேயே விழித்துக்கொள்ளும்! "ஒரு நிமிஷம் பொறு. கண்ணைத் திறக்குதா, வாய் பாலைத் தேடுதான்னு பாரு" என்றேன். பாதித் தடவை தானாகவே அடங்கிவிட்டது. கண் விழித்துத் தேடினால் உடனே பால்தான். அழவிட்டுப் பழக்குகிற வயதல்ல இது. முதல் சில வாரங்கள் இராத்திரிப் பாலை நிறுத்தவே கூடாது. 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிப்பது இயல்பு. எடை குறைந்து பிறந்த குழந்தையாக இருந்தால் தூங்குகிறதே என்று விட்டுவிடாமல், டாக்டர் சொன்ன இடைவெளியில் எழுப்பிக் கொடுக்க வேண்டும்.

படுக்க வைப்பதிலும் ஒரு முறை உண்டு. மல்லாந்துதான் படுக்க வைக்க வேண்டும். "கக்கினா புரையேறிடாதா மதினி?" என்று சம்பந்தியம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் அமைவதால், கக்கிய பால் சுலபமாக மூச்சுக்குழாயில் இறங்காது என்று டாக்டர் படம் போட்டே காட்டினார். பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் மல்லாந்து படுக்க வைக்கும்படி தாய்மார்களுக்குப் பிரசாரம் செய்தார்கள். காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே குழந்தைகள் இறப்பது அதற்குப் பின் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. எனவே கெட்டியான, சமதளமான சின்ன மெத்தை. அதன்மேல் இறுக்கமான ஒரு விரிப்பு. தலை உருண்டையாக வர வேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணை வேண்டாம். கனத்த போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். விழித்திருக்கும்போது நம் கண் முன்னால் சிறிது நேரம் குப்புறப் போட்டால், தலையும் தட்டையாகாது, கழுத்தும் பலப்படும்.

தூளி இல்லாமல் தமிழ்நாட்டில் குழந்தை வளர்ப்பா என்பீர்கள். எங்கள் வீட்டிலும் என் பழைய நூல் சேலையில் தூளி கட்டினோம். ஆனால் துணி குழிந்து குழந்தையின் தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குத் தடை. அதனால் பகலில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது சற்று நேரம் ஆட்டுவோம். கண் அயர்ந்ததும் எடுத்து மெத்தையில் கிடத்திவிடுவோம். இரவில் தூளி கிடையாது. தாயின் பாய்க்கு அருகிலேயே தனி மெத்தை. சாம்பிராணிப் புகையையும் நிறுத்திவிட்டோம். அந்தப் பிஞ்சு நுரையீரலுக்கு எந்தப் புகையும் ஆகாது. திண்டுக்கல் வெயிலில் குல்லாயும் காலுறையும் மாட்டிப் புழுங்க வைக்கவும் இல்லை.

இத்தனையும் குழந்தைக்கு. மகளுக்கு?

அன்று இரவே சாப்பாடு முடிந்ததும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். "பால் கொடுக்கிறது ஒண்ணுதான் அவ வேலை, மத்ததெல்லாம் நம்ம வேலை" என்று என் கணவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இரவு எட்டரைக்குப் பால் கொடுத்ததும் மகள் படுத்துவிட வேண்டும். குழந்தை என் பொறுப்பு. பதினொரு மணிவாக்கில் எழுந்தால் துணி மாற்றிக் கொண்டுபோய் அவளிடம் விடுவேன். பால் குடித்து முடித்ததும் நானே வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பேன். அவள் எழுந்து நடமாட வேண்டியதில்லை. விடியற்காலை ஐந்து மணிப் பாலுக்குப் பிறகு தாத்தா முறை. பேத்தியைத் தூக்கிக்கொண்டு திண்ணையில் உலாத்துவார். மகள் ஏழு மணி வரை தூங்குவாள். சனி, ஞாயிறுகளில் கோவையிலிருந்து வரும் மாப்பிள்ளை இரவு முறையை ஏற்றுக்கொண்டார். முதல் நாள் துணி மாற்றத் தெரியாமல் திண்டாடினார். இரண்டாம் வாரம் எனக்கே சொல்லிக் கொடுத்தார்!

குழந்தை பார்க்க வருகிறவர்களுக்கு மாலை ஐந்து மணிக்குமேல்தான் அனுமதி. மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை மகள் உறங்கும் நேரம். அந்த நேரத்துக்குக் காவல் யார் தெரியுமா? ஜாதிக்காய் சொன்ன சம்பந்தியம்மாவேதான்! வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "என் மருமக தூங்குறா, அப்புறமா வாங்க" என்று தன் சொந்தத் தங்கையையே திருப்பி அனுப்பினார்.

ஒரு வாரத்தில் மகளின் முகத்தில் தெளிவு வந்தது. குழந்தை என்னவோ அப்படியேதான் அழுதாள். இன்னும் சொன்னால், ஆறாவது வாரத்தில் மாலை வேளை அழுகை கூடவும் செய்தது. அந்த வயதில் அழுகை உச்சத்துக்குப் போய் மூன்று, நான்கு மாதத்தில் தணியும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் பயப்படவில்லை. மாறியது மகள்தான். அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "என்னடி செல்லம், யாரு அடிச்சா?" என்று அவளே சிரித்துக்கொண்டு கேட்டாள். இரண்டரை மாதத்தில் பேத்தி இரவில் ஒரேயடியாக நாலரை மணி நேரம் தூங்கினாள். அதிசயமாக இருந்தது, நானே எழுந்து போய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்!

இளம் தாய்மார்கள் சிலவற்றை மறக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, நெஞ்சு குழிந்து வேகமாக மூச்சு வாங்குவது, உள்ளங்கை, பாதம் மஞ்சளாவது, இவற்றில் எது இருந்தாலும் தூக்கம் என்று எண்ணிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அதேபோல், பிரசவத்துக்குப்பின் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. அது இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தாலோ, குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை என்றாலோ, டாக்டரிடம் சொல்லத் தயங்காதீர்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளலாமா என்ற நினைப்பு ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும், ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். அது குணமாகிற வியாதிதான், அவமானமல்ல. 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

உங்கள் தெருவிலும் ஏதாவது ஒரு வீட்டில் இப்போது பச்சைக் குழந்தை இருக்கும். பார்க்கப் போகும்போது சட்டையும் கிலுகிலுப்பையும் வாங்கிப் போவது இருக்கட்டும். ஒரு பாத்திரத்தில் ரசமோ பொரியலோ எடுத்துப் போங்கள். "பிள்ளை ராத்திரி தூங்குதா?" என்று கேட்குமுன், "நீ தூங்குனியாம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேளுங்கள். "இல்லை" என்றால் குழந்தையை வாங்கிக்கொண்டு, ஒரு மணி நேரமாவது அவளைப் படுக்கச் சொல்லுங்கள்.