ஒரே சாவி

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் ஒரு முறை பேர் கொடுத்தால் அன்றைய நாளுக்குப் போதும். கப்பல் கம்பெனிகளின் கணினியிலும் இன்று அதுவே முறை: ஊழியர் காலையில் ஒரு முறை தம்மை இன்னாரென மெய்ப்பித்தால், சரக்குக் கணக்கு முதல் சம்பளக் கணக்கு வரை யாவும் மறுகேள்வியின்றித் திறக்கும். பத்துக் கடவுச்சொற்களைத் துண்டில் எழுதி மேசையில் ஒட்டுவதினும் இது மேலென்பதே நம் கருத்து.

ஆயினும் ஒற்றைச் சான்றின் இயல்பைப் பேராக் தமிழர் அறிவர். 1948-இல் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துரைமார் மூவர் கொல்லப்பட்டு அவசரகாலம் பிறந்தபின், அடையாள அட்டையின்றி வெளியே நடமாடுதல் அரிதாயிற்று. அட்டையை இழந்தவன் பாடே பெரும்பாடெனில், அட்டை வழங்கும் கச்சேரியே அழிந்தால்?

2017 ஜூன் 27-இல் மேர்ஸ்க் கப்பல் கம்பெனிக்கு அதுவே நேர்ந்தது. ஊழியரைச் சரிபார்க்கும் பொறிகள் அங்கு ஏறக்குறைய 150 இருந்தன. ஒன்றற்கொன்று நகலாயிருந்தமையால் தனிக் காப்புப்படி வைத்தாரில்லை. நாட்பெட்யா என்னும் நாசநிரல் அவற்றை ஒருங்கே துடைத்தது. தப்பியது ஒன்றே, கானா நாட்டுக் கிளையில் அப்பொழுது மின்சாரம் நின்றிருந்ததாம்! உலகெங்கும் ஊழியரை இன்னாரென உறுதிசெய்யவல்ல அப்படியை இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லவோ, கானா ஊழியரிடம் பிரிட்டிஷ் விசா இல்லை. ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் வேறோர் ஊழியர் கையில் ஒப்படைத்தார்.