கழுந்தும் துளையும்

முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே என்னைத் தக்கலைப் பக்கம் பாட்டா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அம்மாவின் அப்பா. வீட்டுக்குப் பின்னால் ஓலை வேய்ந்த சாய்ப்புதான் அவருடைய பட்டறை. அயினியும் தேக்கும் பலாவும் சட்டங்களாக அறுபட்டு சுவரோரம் சாய்ந்து நிற்கும். பலா அறுபடும் நாளில் தரையெல்லாம் மஞ்சள் தூள். அந்த வாசனைக்காகவே விடியற்காலையில் எழுந்து ஓடுவேன்.

ஒரு கோடையில் வேலை கற்றுத் தரச் சொல்லிக் கெஞ்சியபோது பாட்டா என் கையில் முதலில் தந்தது சாணைக்கல். உளியின் சாய்ந்த பக்கத்தைக் கல்லில் முழுக்கப் படியவைத்து, தண்ணீர் தெளித்துத் தீட்ட வேண்டும். பிறகு தட்டையான பக்கத்தைப் புரட்டிப் பிசிறை எடுக்க வேண்டும். போதுமா என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார். ஒரு துண்டுச் சட்டத்தை நெட்டுக்குத்தாக நிறுத்தி, அதன் வெட்டுமுகத்தை என் உளியால் மெல்லச் சீவுவார். சீவிய இடம் மினுங்கினால் உளி தயார். வெளுத்துப் பொரிந்து நின்றால் மறுபடியும் கல்லுக்கு. “மொண்ணை உளிதான் மக்கா கையை வெட்டும். கூரா இருந்தா பலம் போடாண்டாம், பலம் போடலேன்னா வழுக்காது, கேட்டியா?”

அதற்குப் பிறகு கோடு. பென்சிலைப் பாட்டா பேர் எழுதத்தான் வைத்திருந்தார். பொருத்துக்கான கோடு கத்திமுனையால்தான் கிழிக்க வேண்டும். பென்சில் கோட்டுக்குத் தடிப்பு உண்டு. அதில் எந்தப் பக்கம் வெட்டுவது? கத்தி கிழித்த கோட்டில் நார் ஏற்கெனவே அறுபட்டிருக்கும், உளியின் வாய் தானாகப் போய் அதில் உட்காரும். சட்டத்தில் மிக நேரான ஒரு முகத்தைத் தேர்ந்து அடையாளம் போட்டு, எல்லாக் கோட்டுக்கும் மூலைமட்டத்தை அந்த முகத்தில் வைத்தே இழுக்க வேண்டும். முகம் மாறினால் பொருத்து முறுக்கிக்கொள்ளும்.

இரண்டு சட்டங்களைப் பாதிக்குப் பாதி வெட்டி ஒன்றின்மேல் ஒன்று படியவைக்கும் பொருத்தில் கை பழகியது. அது சீக்கிரமே வந்துவிட்டது. துளையும் கழுந்தும்தான் அந்தக் கோடையை எடுத்துக்கொண்டன.

ஒரு சட்டத்தின் நுனியைத் தோள்விட்டுச் செதுக்கினால் கழுந்து. அது நுழைய மற்றொன்றில் குடைவது துளை. கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது பாட்டாவின் கணக்கு. சட்டம் ஒன்றரை அங்குலக் கனம் என்றால் கழுந்து அரை அங்குலம். கூடினால் துளையின் இரு கன்னமும் மெலியும்; குறைந்தால் கழுந்து ஒடியும். துளையை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொத்திப் போக வேண்டும், பாதி ஆழம் வந்ததும் சட்டத்தைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து. இரண்டு ஓரக் கோட்டையும் கடைசிவரை தொடக் கூடாது, ஏனென்றால் செதில்களை நெம்பி எடுக்கும்போது ஓரம்தான் நசுங்கும். துளைச் சட்டத்தின் நுனியிலும் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டுவைப்பார். கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியல் விழும்போது மரம் பிளந்துவிடாமல் அந்த மிச்சம் தாங்கும். பூட்டி முடித்த பிறகு அறுத்துவிடலாம்.

கழுந்து பாதிவரை கையால் அழுத்தினாலே போக வேண்டும். மீதிக்குக் கொட்டாப்புளி. ‘டொக் டொக்’ என்று திறந்து கேட்கும் சத்தம், தோள் போய்ச் சட்டத்தில் முட்டிய நொடியில் கட்டிப்பட்டுவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பாட்டா திரும்பிப் பார்க்காமலே “மதி” என்பார். போதும் என்று அர்த்தம்.

பசையே இல்லாமல் அதை இறுக்கும் வித்தையை அவர் காட்டியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. துளைச் சட்டத்தில் ஆணிக்கு ஓட்டை போட்டு, கழுந்தைச் செருகி, அதன்மேல் ஓட்டையின் நடுவைக் குறித்துக்கொள்வார். கழுந்தை வெளியே எடுத்து, குறித்த இடத்திலிருந்து தோள் பக்கமாக அரை நூல் தள்ளி ஓட்டை போடுவார். அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூலில் பாதிதான் இந்த விலகல். திரும்பப் பூட்டி, நுனி கூராக்கிய மூங்கில் ஆணியை அடித்தால், நேர்ப்படாத இரண்டு ஓட்டைகளுக்குள் அது வளைந்து புகுந்து கழுந்தை உள்ளே இழுக்கும். தோளருகே இருந்த மயிரிழை இடைவெளி கண்முன்னே மூடும். இவ்வளவு அழகான ஒரு சிறு தந்திரத்தை நான் வேறெந்த வேலையிலும் பார்த்ததில்லை.

அந்தக் கோடையில் ஒருநாள் என்னைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனார். பத்மநாபபுரம்தான் 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர். 1956-இல் எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறையே பராமரிக்கிறது. பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்துக் கூரையில் செதுக்கிய தொண்ணூறு பூக்களை எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டா என்னை இழுத்துப்போய் கதவோரம் நிறுத்தினார். “பூவைப் பொறவு பாரு. ரெண்டு மழை நனையுத ஊருலே, இந்தச் சட்டம் எப்பிடி நிக்கி?”

ஆனியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று என இரண்டு மழையும் எங்களுக்கு உண்டு. ஈரம் ஏறினால் மரம் அகலவாக்கில் உப்பும்; நீளத்தில் அநேகமாக மாறாது. அதனால் கதவின் நடுப்பலகையை எதிலும் அறையக் கூடாது. சட்டத்தில் ஓடும் காடிக்குள் சும்மா செருகி, உப்பவும் சுருங்கவும் இடம் விட வேண்டும். இப்போது நடுப்பலகைக்கும் பசை தடவிப் பூட்டிவிடுகிறார்கள். அது வெடிக்கும்போது பழி மரத்துக்கு. எனக்கு அது பொறுக்காது.

விடுமுறை முடியும் முன் அடுக்களை அலமாரிக்கு ஒரு கதவு செய்தேன். அயினிச் சட்டம், பலாப் பலகை. பூட்டுவதற்கு முன்பே பலகையின் ஓரம்வரை எண்ணெய் தடவச் சொன்னார் பாட்டா. பின்னால் அது சுருங்கி விலகும்போது எண்ணெய் காணாத வெளிறிய கீற்று தெரியக் கூடாது. கீலை அவரே முடுக்கினார். ஆச்சி நாலு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, “கீழே ஒரு இழுப்பறையும் வேணும்” என்றாள்.

“அதுக்கு வேற பொருத்து” என்றார் பாட்டா. “தினம் முன்பலகையைப் பிடிச்சு இழுப்பா உன் ஆச்சி. நேரா வெட்டினா கழண்டு கையோட வந்துரும். புறா வால் மாதிரி விரிச்சு வெட்டணும். அடுத்த லீவுக்கு வா, மக்கா.”